பங்குனித் தோட்டமும் படியேறி வரும் உயிர்களும்: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

கண்ணு,

கோயம்புத்தூர் அபார்ட்மென்ட்டில் நாலு தொட்டி ரோஜாவும் ஒரு துளசியுமாக இருந்தவள், இப்போது தாராபுரம் பக்கம் கிணறு, தென்னை, கோழிக்கூண்டு, கிளுவை வேலி என்று முழுத் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாய். போன் போட்டால் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறாய். "அக்கா, இப்ப என்ன விதைக்கலாம்?" "அக்கா, துவைக்கிற கல்லுகிட்ட பாம்புச் சட்டை கிடக்குது, என்ன பண்றது?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மாசி தொடங்கி வைகாசி வரை நம் சீமையில் காடு காய்ந்து கிடக்கும். தண்ணீர், நிழல், தீனி மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் உன் வீட்டைச் சுற்றித்தான். அதனால் வருகிற எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைத் தேடித்தான் வரும். எது எதற்காக வருகிறது என்று தெரிந்துவிட்டால், அது எங்கே வந்து போகலாம் என்பதை நீ முடிவு செய்யலாம். கீழே இருக்கிற யோசனை எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

1. கொட்டும் இலையைக் கொளுத்தாதே

மாசியில் வேம்பும் புங்கனும் இலையை உதிர்த்துவிட்டு, பங்குனியில் மினுமினுவென்று தளிர் விடும். வாசல் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்துபோகும். சாயங்காலம் குவித்துத் தீ வைப்பது ஊர் வழக்கம். நீ அதைச் செய்யாதே. வெயில் காலத்துக்கு வேண்டிய மூடாக்கை மரமே கொடுக்கிறது.

• சருகைச் செடிகளின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பு. தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அழுகும், கரையானும் ஏறும்.

• தென்னை வட்டப்பாத்தியில் உரித்த மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி புதைத்து வை. ஊற்றும் தண்ணீரை உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு விடும்.

• மிஞ்சுகிற சருகைக் குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்து மூடு. ஆடிப்பட்டத்துக்கு எருவாகிவிடும். குழி வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஏன் என்று பாம்பைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வேலியோரக் காய்ந்த புல்லுக்கும் தீ வைக்க விடாதே. கிளுவை வேலியின் வேரடியில் வளை பறித்து முள்ளெலி குடியிருக்கும். தென்னிந்தியாவின் வறண்ட காடுகளில் மட்டுமே இருக்கிற பிராணி அது. பகலெல்லாம் தூங்கிவிட்டு, ராத்திரியில் வண்டும் பூச்சியும் தேடித் தின்னும். ஆபத்து வந்தால் ஓடாது, முள் வெளியே தெரியச் சுருண்டு கொள்ளும். நாய்க்கு அது போதும். நெருப்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போதாது. முள்ளைச் சுட்டுப் பொடித்தால் இருமலுக்கு மருந்து என்று யாராவது கேட்டு வந்தால், ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பு.

2. தண்ணீரை எங்கே, எப்போது விடுவது

• செடிக்குத் தண்ணீர் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் வெயில் சாய்ந்த பிறகு. உச்சி வெயிலில் விட்டால் பாதி ஆவியாகத்தான் போகும்.

• கொடிக்காய்களுக்குப் பானைப் பாசனம் போல வேறு இல்லை. பெயின்ட் அடிக்காத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அதைச் சுற்றி நாலு விதை ஊன்று. பானையை நிரப்பி மூடிவிட்டால் மண் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும், மூடி கட்டாயம்.

• பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பி விடு. குழாயடியில் சேறாகத் தேங்கவே கூடாது. சேறு இருந்தால் தவளை வரும், தவளை இருந்தால் பாம்பு வரும்.

• பறவைக்கு வைக்கிற தண்ணீர் அகலமான மண் தட்டில், இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் இரண்டு கூழாங்கல் போடு. தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும், விழுந்து சாகாது. தட்டுக்குப் பக்கத்தில் புதர் இருந்தால் பூனை பதுங்கும். அதனால் வெட்டவெளியில், எட்டிப் பறக்க ஒரு கிளை மட்டும் இருக்கிற இடமாகப் பார்.

• அந்தத் தட்டை இரண்டு நாளைக்கு ஒரு முறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவு. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை போகாது.

• கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒரு கயிற்றையோ சாய்வான பலகையையோ கட்டித் தொங்க விடு. தாகத்துக்கு வந்து தவறி விழுகிற அணிலும் ஓணானும் பிடித்து ஏறி வந்துவிடும். செத்து மிதந்த பிறகு தொட்டியைக் கழுவுவதைவிட இது சுலபம்.

3. இப்போது எதை விதைக்கலாம்

வெயில் தாங்குகிறவற்றை மட்டும் எடு. வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை, சிறுகீரை, வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் ஆசை வேண்டாம். தக்காளி நட்டாலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். இருக்கிற செடிக்கு மதியம் பழைய வேட்டியால் நிழல் கட்டு, போதும்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவு. தூவிய அன்றைக்கே எறும்பு தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யைத் தூவி வை. நொய் கிடைக்கும்போது எறும்பு கீரை விதைக்கு மெனக்கெடாது. அதற்குள் விதை முளைத்துவிடும்.

வெண்டை விதையை ராத்திரி ஊற வைத்துக் காலையில் ஊன்று, செடிக்குச் செடி ஒரு அடி. ஒன்றரை மாதத்தில் காய்க்கும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாக மாறிய செடியைப் பார்த்தால் யோசிக்காமல் பிடுங்கு. அது தேமல் நோய். வெள்ளை ஈ தான் மற்ற செடிக்குக் கொண்டுபோகும். மஞ்சள் டப்பா ஒன்றில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

முருங்கை இல்லாத வீடா? நாட்டு முருங்கை வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரு போத்து வாங்கி நடு. விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய் பார்க்க வேண்டுமென்றால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் இருக்கிறது. முருங்கை பூத்து நிற்கும்போது தண்ணீரைத் திடீரென்று அளவுக்கு மீறிக் கட்டாதே, பூவெல்லாம் கொட்டிவிடும்.

வேம்பு பூக்கும்போது காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வை. தானாக விழுகிற பூவே சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கும் வருஷம் முழுக்க ரசத்துக்கும் போதும். கிளையை உலுக்கினால் தேனீயும் சேர்ந்து கிளம்பும்.

4. சுரைப் பந்தலுக்குச் சாயங்காலம் போ

"பூ நிறையப் பூக்குது, பிஞ்சு வெம்பி விழுந்துடுது" என்று எல்லோரும் சொல்வார்கள். உரம் போட ஓடாதே. முதலில் பூவைப் பார்.

கொடிக்காயில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ நீளக் காம்பில் வெறுமனே நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும்; சுரையாக இருந்தால் அதன் மேல் பூனை முடி படர்ந்திருக்கும். தொடக்கத்தில் கொஞ்ச நாளைக்கு ஆண் பூ மட்டும்தான் வரும், அது கோளாறு இல்லை. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போகாவிட்டால் அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழும். அதைத்தான் வெம்பல் என்கிறோம்.

இனி நேரம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், தேனீயும் தச்சன் வண்டும் பார்த்துக்கொள்ளும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் பொழுது சாயும்போது விரியும். அந்த நேரத்தில் தேனீ கூட்டுக்குப் போயிருக்கும், அந்துப்பூச்சிதான் வேலையாள். ஆறரை மணிக்குச் சுரைப் பந்தலடியில் நின்று பார். வெள்ளைப் பூ சுருக்கம் பிரிந்து விரிவது கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் விர்ரென்று ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து, உட்காராமலே நீளக் குழலைப் பூவுக்குள் விட்டு எடுக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள். ஒன்று, சாயங்காலத்தில் கொடிக்கு எந்த மருந்தும் அடிக்காதே, அந்துப்பூச்சி வராது. சுரைக்கும் பீர்க்குக்கும் தேவைப்பட்டால் காலையில் பூ வாடிய பிறகு அடி. இரண்டு, பந்தலுக்கு நேரே வெள்ளை டியூப்லைட் எரிய விடாதே. பூவுக்கு வர வேண்டிய பூச்சி விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியும் காய் பிடிக்கவில்லையா? ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவு. ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். பூசணிக்குக் காலையில், சுரைக்கு அந்தியில்.

தேனீயைத் தோட்டத்திலேயே நிறுத்தி வைக்கத் துளசி, திருநீற்றுப்பச்சை, செண்டுமல்லி நாலு வரப்போரம் இருக்கட்டும். முற்றிய கொத்தமல்லியைப் பிடுங்காமல் பூக்க விடு. காய்ந்த அகத்தி மரம் நின்றால் நிற்கட்டும். அதில் துளை போட்டுத்தான் தச்சன் வண்டு குடித்தனம் நடத்தும்.

5. மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்

இலைக்கு அடியில் இருக்கிற எல்லாமே எதிரி இல்லை. பொறிவண்டின் புழு கறுப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளியோடு பயமுறுத்தும். தெரியாதவர்கள் அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் பஞ்சு மட்டும் பெரிதாக, சுறுசுறுப்பாக நடந்து போனால், அதுவும் ஒரு வகைப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டு அதையே தின்கிறது. அதை விட்டுவிடு.

சின்ன உயிர்தானே என்று நினைக்காதே. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எதையும் விடவில்லை. மருந்து அடித்து ஓய்ந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்ட பிறகுதான் அடங்கியது. இன்றைக்கும் மருந்தடிக்காத தோட்டத்தில்தான் அந்தக் குளவி தங்கும்.

• அசுவினி, மாவுப்பூச்சி இருக்கிற இடத்தில் எறும்பு வரிசை போகும். அது விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். முதலில் எறும்பின் வழியை அடை. மரமாக இருந்தால் தண்டில் துணி சுற்றி வேப்பெண்ணெய் நனைத்துக் கட்டு.

• சின்னத் தோட்டத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி பாதி போய்விடும்.

• மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். அரைக் கிலோ கொட்டையை இடித்து ராத்திரி ஊற வைத்து, வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப் கலந்து அடி. கொட்டை எட்டு, பத்து மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் இருக்காது. போன ஆடியில் பொறுக்கியதை இப்போதே தீர்த்துவிட்டு, வரும் ஆனி, ஆடியில் புதிதாகப் பொறுக்கி நிழலில் காய வை.

• கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பார். தலையில் இருந்து சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விட்டால், அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிய மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றாக இருந்தால் புழுவைக் கிளையோடு பெரிய மரத்துக்கு மாற்று. குழந்தைகளுக்குக் காட்டு, பள்ளிக்கூட லீவு முழுக்கக் கூட்டுப்புழுவைக் காவல் காப்பார்கள்.

• பாகல், பீர்க்குக் காயில் பழ ஈ துளை போடும். பிஞ்சிலேயே காகிதப் பை மாட்டிவிடு. விழுந்த காயைப் பொறுக்கி ஆழப் புதை. அப்படியே கிடந்தால் அடுத்த தலைமுறை ஈ அதிலிருந்துதான் வரும்.

6. கூடு இருக்கிற கிளைக்கு ஒரு மாதம் லீவு

இந்த மாதங்களில் கிளை வெட்டும் முன் ஒரு சுற்று சுற்றிப் பார். தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்து நார் கோத்துத் தைத்து, உள்ளே பஞ்சு திணித்திருக்கும். கத்தரிச் செடியில்கூட வைக்கும். தேன்சிட்டு உங்கள் திண்ணை ஒயரிலேயே சிலந்தி நூலால் தொங்கு கூடு கட்டும். குப்பை தொங்குகிறது என்று பிய்த்துவிடாதே. அடைகாக்கப் பதினைந்து நாள், குஞ்சு பறக்கப் பதினைந்து நாள். ஒரு மாதம் பொறு. அந்த ஒயரில் துணி காயப் போடாதே.

குஞ்சு கீழே கிடந்தால் என்ன செய்வது? கண் திறந்து, இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை உள்ளே அடைத்துவிட்டு, குஞ்சை ஒரு கிளையில் ஏற்றிவிட்டு விலகிப் போ. இறகே இல்லாத குஞ்சாக இருந்தால் கூட்டிலேயே திரும்ப வை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

விடியுமுன் கூவி எழுப்புகிற குயிலைத் திட்டாதே. கூவுவது கறுத்த ஆண் குயில். புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயில் காக்கைக் கூடு எங்கே என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். காக்கை தலையில் கொத்த வருகிறதென்றால் பக்கத்தில் கூடு இருக்கிறது. சில வாரம் அந்த வழியில் குடை பிடித்துப் போ.

எலிக்கு விஷம் வைக்காதே, கண்ணு. விஷம் தின்ற எலியைக் கூகையோ ஆந்தையோ தின்றால் அதுவும் சாகும். அப்புறம் எலி பிடிக்க ஆள் இருக்காது. அதற்குப் பதில் காட்டில் நாலு இடத்தில் 'டி' வடிவத்தில் குச்சி நட்டு வை; ராத்திரியில் கூகை அதில் உட்கார்ந்து வேட்டையாடும். கூகை கத்தினால் கெட்ட சகுனம் என்று உன் அத்தை சொன்னால், எதிர்த்துப் பேசாமல் நெல் மூட்டையில் எலி குறைந்ததைக் காட்டு.

கிளிக்குஞ்சு விற்க வருவார்கள், குழந்தைகள் அடம் பிடிப்பார்கள். வாங்காதே. நம் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

7. மயிலுக்குப் பழைய சேலை

நம் பக்கத்தில் மயிலைப் பற்றிப் பேசாத விவசாயி இல்லை. நாற்று, தக்காளி, மிளகாய், கடலை எதையும் கொத்தும். தேசியப் பறவை, கல்லால் அடிப்பதோ மருந்து வைப்பதோ ஜெயிலில் கொண்டுபோய் விடும்.

• தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலையை ஆள் இடுப்புக்கு மேல் வருகிற மாதிரி கட்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் மயில் தயங்கும். காற்றில் படபடப்பது பன்றியையும் தயங்க வைக்கும்.

• மயிலுக்கு இறங்க அகலமான இடம் வேண்டும். பாத்திக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்டினால் இறங்காது.

• விதைத்த பாத்தியில் முளை இரண்டு அங்குலம் வரும்வரை இலந்தை முள்ளை வெட்டிப் பரப்பு.

• நைலான் வலை மட்டும் வாங்காதே. மெல்லிய வலையில் சாரைப்பாம்பும் ஆந்தையும் சிக்கித் திருகிச் சாகும். அறுத்து விடப் போனால் உன் கைக்கும் ஆபத்து.

8. பாம்பு: பயத்தைவிடப் பழக்கம் முக்கியம்

பூண்டுக் கரைசல், ஃபினைல், சிறியாநங்கைச் செடி இதையெல்லாம் நம்பி நிம்மதியாகத் தூங்காதே. எதற்கும் பாம்பு நிற்காது. எலி, தவளை, கோழி முட்டை, குளிர்ந்த பொந்து இருக்கிற இடத்துக்கு வரும். இல்லாத இடத்தில் தங்காது. செய்ய வேண்டியது இதுதான்:

• விறகு, செங்கல், ஓடு, சருகுக் குழி எல்லாம் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி. விறகைத் தரையில் போடாமல் கல் வைத்து உயர்த்தி அடுக்கு.

• துவைக்கிற கல், தண்ணீர்ப் பானை, கோழிக்கூண்டு மூன்றின் அடியையும் வாரம் ஒரு முறை கம்பால் தட்டிப் பார். சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை போடு. கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டையால் அடை.

• கோழித் தீனி, தானியம் மூடிய டிரம்மில். எலி இல்லையென்றால் பாதிப் பிரச்சினை இல்லை.

• வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரிய வேண்டாம். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளை என்று வரிசை நீளும்.

• புழுக்கத்துக்குத் திண்ணையில் பாய் விரித்துப் படுக்காதே. கட்டில், அதன் மேல் கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகு. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்தது தெரியாது, வலி இருக்காது, பல் தடம்கூடச் சில நேரம் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை சொருகல் என்று எழுந்தால் அதை அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது.

• இருட்டிய பிறகு வெளியே போனால் டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம். கண்ணாடி விரியன் குக்கர் விசில் விடுவதற்கு முன் சீறுவது போலச் சத்தமாகச் சீறும். சுருட்டை விரியன் உடம்பை உடம்போடு உரசிச் சரசரக்கும். கல் மேட்டில் அதிகம். சத்தம் கேட்டால் அப்படியே நின்று, பின்னால் அடி எடுத்து வை.

சாரைப்பாம்பை நல்லபாம்பு என்று அடித்துவிடாதே. அது எலி தின்னும், விஷமில்லாதது. எந்தப் பாம்பையும் அடிக்கப் போகிறபோதுதான் கடி அதிகம் விழுகிறது. வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அறையில் இருந்து ஆளையும் நாயையும் வெளியே அழைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் துணி வைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101 அழை. ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

கடித்துவிட்டால்: கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, பச்சிலைக்கு நேரம் போக்காதே. மோதிரம், வளையல், மெட்டி கழற்று. வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கையோ காலோ, பலகை வைத்து அசையாமல் கட்டு. நடக்க விடாதே. 108ஐ அழை, அல்லது கார் இருந்தால் படுக்க வைத்துக் கூட்டிப் போ. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். நம் நாட்டு விஷமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிப்பதுதான். உன் ஊர்ப் பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருக்கிறது, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டு.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

9. கொட்டுவது, கடிப்பது, தொங்குவது

• பூ சீசனில் தேனீக் கூட்டம் திடீரென்று கொய்யாக் கிளையில் குவிந்து தொங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வேறு இடம் பார்த்துப் போய்விடும். புகை போடாதே.

• கதண்டுக் கூடு வேறு விஷயம். தென்னையிலோ பனையிலோ பானை மாதிரி கூடு தெரிந்தால் யாரையும் அந்தப் பக்கம் விடாதே. தீயணைப்புத் துறைக்குத்தான் போன். பல கொட்டு வாங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வீட்டு வைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

• வெளியே கிடந்த செருப்பு, ஷூ, துடைப்பம் எல்லாவற்றையும் உதறி எடு. தேளுக்கும் பூரானுக்கும் பிடித்த இடம் அவை.

• ராத்திரியில் வரும் பழந்தின்னி வௌவால் இலுப்பைக்கும் இலவத்துக்கும் மகரந்தம் கடத்துகிறது, விரட்ட வேண்டியதில்லை. ஆனால் அது கடித்துப் போட்ட மாம்பழத்தையும் கொய்யாவையும் குழந்தைகள் எடுத்துத் தின்னக் கூடாது. 2018இல் கோழிக்கோட்டில் வந்த நிபா காய்ச்சலின் கிருமி பழந்தின்னி வௌவாலிடம்தான் இருக்கிறது.

10. வேலியில் கரண்ட் கூடாது

பன்றித் தொல்லைக்கு "ஒரு ஒயர் இழுத்து விட்டால் போதும்" என்று உன் வீட்டுக்காரரிடம் யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ள விடாதே. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட ஒயரில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. ராத்திரியில் மடை மாற்றப் போகிற மனிதனுக்கும் அதே கதிதான். வன விலங்கால் பயிர் போனால் வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம்; போட்டோவும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் எடுத்து வை. நிரந்தரத் தீர்வுக்குக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலியை அடர்த்தியாக்கு.

மாதவாரியாக ஒரு பார்வை

மாசி: சருகு சேர்ப்பு, கிளை கவாத்து (கூடு பார்த்த பிறகு), விறகை இடம் மாற்றுவது, கொடி விதைகள்.
பங்குனி: வெண்டை, கீரை, பானைப் பாசனம், பறவைத் தட்டு, வேப்பம்பூ.
சித்திரை: மாங்காய், கைமகரந்தம், நிழல் கட்டுவது, கட்டிலும் கொசுவலையும். கோடை மழை ஒன்று பெய்ததும் உழவு.
வைகாசி: எருக் குழியைக் கிளறுவது, விதைக்கு ஒன்றிரண்டு காயை முற்ற விடுவது, உயிர்வேலி இடைவெளி நிரப்புவது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் மூன்று வேலை போதும்: விறகை மாற்று, ஆஸ்பத்திரி நம்பரை ஒட்டு, பறவைத் தட்டை வை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நம் வீட்டு நாட்டுச் சுரை விதையும் இரண்டு பழைய சேலையும் கொண்டு வருகிறேன். நீ பானைக்குக் குழி மட்டும் வெட்டி வை.

உன் அக்கா